சொல் விளக்கம்: ஜேம் – பழப்பாகு

ஜேம் என்ற சொல்லையும், மலிவான, கட்டியில்லாத ‘ஸ்மூத்’ ஜேமைக் கடையில் தேர்வதையும் இங்கே பார்ப்போம். மலையகத்தில் ஜேம் என்றால் அனேகமாகப் பாண் நினைவுக்கு வரும். பாணில் தடவுவது ஜேம், பணிசுக்குள் வைப்பது ஜேம், கேக் இரண்டு அடுக்கையும் ஒட்ட வைப்பது ஜேம். எழுத்தில் சிலர் ஜாம் என்கிறார்கள், சிலர் ஜேம் என்கிறார்கள். ஆங்கில ஒலி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதற்குத் தமிழில் எழுத்து கிடையாது. இலங்கையில் பேச்சு ‘ஜேம்’ பக்கமே சாய்வதால் இங்கும் அப்படியே எழுதுகிறோம். குலாப் ஜாமுனில் உள்ள ஜாமுனுக்கும் இதற்கும் உறவில்லை. அது நாவற்பழத்தின் வட இந்தியப் பெயர். ‘ஜாம் ஜாம் என்று நடந்த கல்யாண’த்துக்கும் உறவில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பழ உணவைக் குறிக்கத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். அதற்குச் சற்று முன்பிருந்தே ‘அழுத்து, நெருக்கு, நசுக்கு’ என்ற பொருளில் அதே ஒலியுள்ள வினைச்சொல் வழங்கியது. நசுக்கிய பழம் என்பதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பதே பெரும்பாலோர் கருத்து. கண்டி வீதியில் வாகனங்கள் முட்டி மோதி நிற்பதையும் ஆங்கிலம் அதே சொல்லால்தான் சொல்கிறது. நாம் அதை நெரிசல் என்கிறோம். நெரி என்றாலும் நசுக்குவதுதானே. வீதிக்கும் போத்தலுக்கும் ஆங்கிலம் ஒரே படத்தை வரைகிறது. தமிழ் அந்தப் படத்தை வீதிக்கு மட்டும் வைத்துக்கொண்டது.

போத்தலுக்குத் தமிழில் வழங்கும் பெயர் பழப்பாகு. பழக்களி, பழக்கூழ் என்றும் எழுதுவோர் உண்டு. களி என்றதும் உழுந்துக்களியும் கேழ்வரகுக் களியும்தான் நாக்குக்கு வரும், அதனால் அது நிலைக்கவில்லை. பழக்கூழ் என்பதை ஜேமுக்குப் பயன்படுத்தினால் வேறொரு சிக்கல். சீனி சேராத, அரைத்து வடித்த பழச்சதைக்கு அந்தப் பெயர் தேவைப்படுகிறது. கூழ் மூலப்பொருள், பாகு முடிவுப்பொருள். இந்த இரண்டையும் பிரித்து வைத்தால்தான் லேபலைச் சரியாக வாசிக்க முடியும்.

பாகு பழைய சொல். நல்வழியின் கடவுள் வாழ்த்தில் பாலோடும் தேனோடும் பருப்போடும் அது நிற்கிறது. சமையலறையில் அதற்குப் பதங்கள் பல: விரலில் தொட்டு இழுத்தால் நூல்போல் நீள்வது கம்பிப் பாகு, தண்ணீரில் விட்டால் உருண்டு நிற்பது உருட்டுப் பாகு. யாழ்ப்பாணத்துப் பாணிப் பனாட்டில் உள்ள பாணியும், நம் பக்கத்துக் கித்துள் பாணியும் இதே குடும்பத்துப் பொருள்தான்: இனிப்புச் சாற்றைத் தண்ணீர் வற்றும்வரை காய்ச்சியது. இவற்றை எல்லாம் கெட்டியாக்குவது சீனியின் செறிவு மட்டுமே.

ஜேம் அப்படி இறுகுவதில்லை. பழத்தின் தோலிலும் சதையிலும் பெக்டின் என்ற பசைப்பொருள் இருக்கிறது. போதிய சீனியும் போதிய புளிப்பும் கூடும்போது அது வலைபோல் பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. கரையும் திண்மம் (கரைந்திருக்கும் சீனியும் பிறவும்) 60 முதல் 65 சதவீதம், புளிப்பின் அளவு பி.எச். 3ஐ ஒட்டி. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் வலை விழாது. ஆகவே ‘பழப்பாகு’ என்ற சொல் பாதி உண்மையைத்தான் சொல்கிறது என்று குறை கூறுவோர் உண்டு. குறை நியாயமானதுதான். ஆனாலும் பாகு என்பது பதம் பார்த்து இறக்குவது என்ற நினைவு அந்தச் சொல்லில் இருப்பதால், இருக்கும் சொற்களில் இதுவே நல்லது என்பது எங்கள் முடிவு.

பதம் பார்ப்பதில் மலைநாட்டுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஜேம் இறக்கும் சூடு 104 அல்லது 105 பாகை என்று சமையல் குறிப்புகளில் இருக்கும். அது கடல்மட்டத்துக்கான எண். ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு பாகை இறங்கும். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 பாகையை ஒட்டிக் கொதிக்கும். எனவே ஜேம் 98, 99 பாகையிலேயே பதத்துக்கு வந்துவிடும். அங்கே 105 வரட்டும் என்று காத்திருந்தால் தண்ணீர் மிஞ்சி வற்றும், பெக்டின் உடையும், சீனி கருகத் தொடங்கும். ஆறியதும் கரண்டியை இழுத்தால் ரப்பர்போல் நீளும். பழப்பாகு போய் வெறும் பாகு வந்துவிட்டது என்று பொருள். வழி எளிது: வெப்பமானியை முதலில் கொதிக்கும் வெறும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், வரும் எண்ணோடு நாலரையைக் கூட்டுங்கள். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் உயரம் 1,250 மீற்றரை ஒட்டியது. அங்கே விடை 100 பாகைக்குப் பக்கத்தில் வரும்.

இனி, கட்டியில்லாத ஜேமுக்குச் சொல்லும் ‘ஸ்மூத்’ என்ற சொல். கடையில் யாரும் ‘மென்மையான பழப்பாகு’ கேட்பதில்லை. “அண்ணே, கட்டி இல்லாம நைஸான ஜேம் இருக்கா?” என்றுதான் கேட்பார்கள். இந்த ‘நைஸ்’ ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் ‘நல்ல’ என்று பொருள்படும் சொல், தமிழ் அடுப்படிக்குள் நுழைந்ததும் ‘பொடியாக, மைபோல’ என்று மாறிவிட்டது. அதற்கு நம்மிடம் சொல் இல்லாமலில்லை. அம்மிக்காரர்கள் ‘மைய அரை’ என்பார்கள், மசித்தல் என்றும் உண்டு. கட்டி, விதை, நார் இல்லாத ஜேமுக்கு ‘மசித்த பழப்பாகு’ என்பது பொருந்தும். பழத்துண்டுகள் முழிக்கும் வகை ‘துண்டுப் பழப்பாகு’. உறவுச் சொற்களையும் இத்தோடு சொல்லிவிடலாம். ஜெல்லி பழச்சாற்றை மட்டும் வைத்து இறுக்குவது, பிரெஞ்சு மொழியில் ‘உறைந்தது’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. வெண்ணெய்க்கும் நெய்க்கும் வழங்கிய பழந்தமிழ்ச் சொல்லான இழுது அதற்கு ஏற்றது. மாமலேட் போர்த்துக்கேயச் சொல்: சீமைமாதுளைக்கு அவர்கள் மார்மெலோ என்பார்கள், அதில் செய்தது மார்மெலாடா. இன்று அது தோடம்பழம் போன்ற புளிப்புப் பழங்களுக்கு உரியதாகிவிட்டது. பாண் என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதே.

மலிவான, மசிந்த ஜேம் வேண்டுவோர் போத்தலின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டும். சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது நோக்கி எழுதப்படும். முதலில் சீனி இருந்தால் ஏமாற்று என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பு 2009இல் வெளியிட்ட விதி, ஜேமுக்குப் பொதுவாக 45 சதவீதப் பழம் கேட்கிறது, சில பழங்களுக்கு அதிலும் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கிலோ ஜேமுக்கு 45 கிலோ பழம், அதில் கரையும் திண்மம் நாலரை ஐந்து கிலோதான். 65ஐ எட்ட இன்னும் 60 கிலோ சீனி வேண்டும், மிஞ்சும் 5 கிலோ தண்ணீர் ஆவியாகப் போகும். ஆகவே சீனி முதலிடத்தில் இருப்பது இயல்பு. இரண்டாவது இடத்தில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. அங்கே ‘பழக்கூழ்’ என்றிருந்தால் அது மசிந்தது. ‘பழத்துண்டுகள்’ என்றிருந்தால் கட்டி வரும். அங்கே தண்ணீரும் அடுத்து மாவுப்பொருளும் இருந்தால் விலை குறைவாகவே இருக்கும், ஆனால் நாக்கில் கஞ்சிப் பசை தட்டும். லேபலில் ஐ.என்.எஸ். என்று வருவது உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான பன்னாட்டு எண்: 440 என்பது பெக்டின், 330 சிட்ரிக் அமிலம், 211 சோடியம் பென்சோயேட் என்ற பாதுகாப்புப் பொருள். முதல் இரண்டும் ஜேமின் எலும்பும் நரம்பும் போல, அவற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

பழவகையே பாதி விடை சொல்லிவிடும். ஸ்ட்ரோபெரியில் விதை இருக்கும், நுவரெலியாப் பழம் என்றாலும் விதை விதைதான். அன்னாசியில் நார் இருக்கும். மிக்ஸ்ட் ஃப்ரூட் பெரும்பாலும் பப்பாசி, வாழை போன்ற மலிவான கூழ்களைக் கலந்தது. விலையும் குறைவு, மசிவும் அதிகம். ஓடு, விதை, நார் எல்லாம் வடிகட்டப்பட்ட விளாம்பழ ஜேம் இன்னும் ஒரு படி மேல். கறுத்த நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம், ஆனால் அந்த ஜேமுக்குச் சாயம் தேவைப்படாது. ஜேம் போத்தலில் வணிகப் பெயராகக் காணும் எம்.டி. என்ற பழகிய எழுத்துகள், ஒரு காலத்து அரசாங்க மார்க்கெட்டிங் டிபார்ட்மென்டின் சுருக்கம் என்பது பலருக்குத் தெரியாது.

பூட் சிட்டி போன்ற பெருங்கடையின் தட்டுக்கு முன் நின்றே ஒரு சோதனை செய்யலாம். போத்தலை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். முழுவதும் ஒரே திரளாக, தயங்கித் தயங்கி நகர்ந்தால் நன்றாக இறுகியது. தண்ணீர்போல் ஓடினால் பெக்டின் வலை விழவில்லை. மேலே மெல்லிய நீர் மிதந்தால் புளிப்பு மிஞ்சி வலை சுருங்கியிருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புள்ளிகள் தெரியும்: கறுப்பு என்றால் விதை, வெள்ளை மினுக்கம் என்றால் சீனிப் படிகம். விலையை 100 கிராமுக்குக் கணக்கிடுங்கள். உதாரணமாக 450 கிராம் 630 ரூபா என்றால் 100 கிராம் 140 ரூபா. 200 கிராம் 340 ரூபா என்றால் 170. சின்னப் போத்தல் கைக்கு மலிவு, கணக்குக்கு விலை.

கட்டியுள்ள மலிவு ஜேமை வீட்டில் மசிப்பதும் பெரிய வேலையில்லை. கண்ணாடிப் போத்தலை மூடி திறந்து, இளஞ்சூடான தண்ணீரில் வைத்து மெல்லச் சூடாக்குங்கள். குளிர் போத்தலைக் கொதிநீரில் இறக்கினால் அடி வெடிக்கும். 450 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி கொதித்த தண்ணீர் விட்டுக் கலக்கி, தேத்தண்ணி வடியை விடச் சற்றுப் பெரிய கண்ணுள்ள வடிதட்டில் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்குங்கள். மிக்சியில் போட்டு அடித்தால் காற்று புகுந்து நிறம் வெளுக்கும், விதையும் அரைந்து கசக்கும். தண்ணீர் சேர்த்த ஜேமுக்குக் காவல் குறைவு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒருமுறை உடைந்த பெக்டின் வலை முழுதாகத் திரும்பப் பின்னாது, ஆதலால் சற்றுத் தளர்ந்தே இருக்கும். கேக்கின் மேல் பூசவோ சுவிஸ் ரோலுக்குள் தடவவோ அந்தத் தளர்வே நல்லது.

இன்னொரு பிசகு மார்கழி, தை மாதக் குளிரில் வரும். நுவரெலியாப் பக்கம் காலையில் போத்தல் கல்லாகியிருக்கும், கத்தி அழுத்தினால் புதுப் பாணின் நடுச் சதை பிய்ந்து கையோடு வரும். ஜேமைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தேவையான அளவை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, ப்ளேன்டீக்கு வைத்த கேத்தல் மூடியின் மேல் ஐந்து நிமிடம் வைத்தால் வழுக்கிக்கொண்டு வரும். நறநறவென்று படிகம் விழுந்திருந்தால் மட்டும் வடிதட்டு உதவாது. அதை ஒரு துளி தேசிக்காய்ச் சாற்றோடு சூடாக்கிக் கரைத்து உடனே முடித்துவிட வேண்டும், ஆறவிட்டால் மறுபடி படியும்.