காலில் காது வைத்திருக்கும் நரம்பு

தைப்பூசம் கழிந்த வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாதப்புண் பார்க்கிறவர்களுக்கு ஓய்வே கிடையாது. பிப்ரவரி வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு காவடி எடுத்த சர்க்கரைக்காரர்கள் வெந்த பாதத்தோடு வருகிறார்கள். வலித்ததா என்றால், "துளிகூட இல்லை, முருகன் அருள்!" ஐயா, வலிக்காததுதான் நோயே: சர்க்கரை பாதத்து நரம்பைக் கெடுத்துவிட்டது.

அடுத்து அதே பழைய கேள்வி: "நரம்பு வளர ஊசி இருக்காமே, போட்டு விடுங்களேன்." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் உண்மைதான். லெவி-மொன்டால்சினி, கோஹன் என்ற விஞ்ஞானிகளுக்கு 1986இல் நோபல் கிடைத்ததும் வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான். ஆனால் அது வேரில் கொட்டும் உரமல்ல. பாதத்து வலி நரம்பின் செல் இடுப்பருகே முதுகெலும்போரம் இருக்கிறது. இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடிக் கால்விரலில் முடிகிறது. தோல் சுரக்கும் புரதத்தை அந்த நுனியிலுள்ள டிரக்-ஏ ஏற்பி பிடிக்கிறது. இரண்டையும் ஒரு குமிழியில் பொதிந்து, டைனீன் என்ற மோட்டார் புரதம் செல் வரை இழுத்துப் போகிறது. அது போய்ச் சேர்ந்தால்தான் 'உயிரோடு இரு' என்ற செய்தி உட்கருவுக்கு எட்டும். நுனியிலேயே நிற்கும் ஏற்பி அங்குள்ள கிளைகளைப் பார்த்துக்கொள்ளும். கேம்பனாட் என்ற ஆய்வாளர் செல்லை ஓர் அறையிலும் இழை நுனியை வேறோர் அறையிலும் பிரித்து வளர்த்த தட்டில், செல்லுக்குப் புரதம் தாராளமாக இருந்தும், நுனி அறையில் அதை நீக்கியதும் அங்குள்ள இழைகள் கருகின.

ஊசியையும் பார்த்தாயிற்று: 1019 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2000இல் வந்தது. பலனில்லை, ஊசி போட்ட இடத்தில் வலிதான் மிச்சம். அதே புரதம் கருவிழி நரம்புக் கோளாறுக்குச் சொட்டு மருந்தாக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே மருந்து நரம்பு நுனி மேலேயே விழுகிறது, அவ்வளவுதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடச் சொல்லி, இரு கால்களிலும் 1, 3, 5ஆம் விரல் நுனியை ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், கிள்ளாதீர்கள். ஆறில் இரண்டு தெரியாவிட்டால் கிளினிக்குக்கு வந்துவிடுங்கள். வெந்நீரை முழங்கையால் பாருங்கள். காலை விட்டுப் பார்க்காதீர்கள். ஷூவைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறீர்களா? பி12 வைட்டமின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் விற்கும் 'நரம்பு மாத்திரை'யை அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள பி6 வைட்டமின் மிதமிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

ஆயா, உங்களிடம் மட்டும் ஒரு கெஞ்சல்: புனித வெள்ளியன்று இங்கே கோயிலில் நடக்கும் தீமிதிக்கு இந்த வருடம் குழியோரம் நின்று கும்பிட்டால் போதும்.