ஆன்லைன் பிளிட்ஸும் பொறி ஓப்பனிங்குகளும்: செஸ் ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு பயிற்சியாளரின் வேண்டுகோள்

சென்ற மாதம் ஒரு கிளாசிக்கல் போட்டியின் மூன்றாம் சுற்று முடிந்ததும், என்னிடம் பயிலும் 12 வயதுச் சிறுவன் தன் ஸ்கோர் ஷீட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றான். ஒவ்வொருவருக்கும் 90 நிமிடமும், நகர்வு ஒன்றுக்கு 30 விநாடியும் தரப்பட்ட ஆட்டம் அது. கறுப்புக் காய்களுடன் ஆடிய அவன் முதல் ஐந்து நகர்வுகளை ஒரு நிமிடத்துக்குள் முடித்திருந்தான். ஆறாவது நகர்வுக்கு மட்டும் 27 நிமிடம் எடுத்திருந்தான். பத்தாவது நகர்வில் யானை போய்விட்டது. 21ஆவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டான். அருகில் நின்ற அவன் தந்தை, "ஆன்லைனில் 1900 ரேட்டிங் வைத்திருக்கிறான் சார், நேரடிப் போட்டிக்கு வந்தால் மட்டும் ஏன் இப்படித் தோற்கிறான்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சிலேயே, "இவன் ஆடும் இந்த டிராப் (பொறி) எல்லோருக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, வேறு ஏதாவது டிராப் சொல்லிக் கொடுங்களேன்" என்றார். இந்த ஆண்டில் இதே கேள்வியோடு என்னிடம் வந்த ஏழாவது பெற்றோர் அவர். நின்ற இடத்தில் அவரிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

அவன் ஆடியது எங்லண்ட் காம்பிட் என்ற பொறி ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசை). வெள்ளை சிப்பாயை டி4 கட்டத்துக்கு நகர்த்தித் தொடங்க, கறுப்பு தன் சிப்பாயை இ5 கட்டத்தில் பலியாக நீட்டுகிறது. வெள்ளை அதை வெட்டியதும் கறுப்புக் குதிரை சி6-க்கும், வெள்ளைக் குதிரை எஃப்3-க்கும், கறுப்பு ராணி இ7-க்கும், வெள்ளை பிஷப் எஃப்4-க்கும் வருகின்றன. அடுத்து ராணி பி4-இல் நின்று செக் கொடுக்கிறது. வெள்ளை பிஷப் டி2-க்குத் திரும்பி மறைத்ததும், கறுப்பு ராணி பி2 சிப்பாயை வெட்டிக்கொண்டு மூலையில் உள்ள யானையைக் குறிவைக்கிறது. பதறிப்போன வெள்ளை ஆட்டக்காரர், ராணியை விரட்டிவிடலாம் என்று எண்ணி பிஷப்பை சி3-க்கு நகர்த்தினால் ஆட்டம் முடிந்தது. கறுப்பு பிஷப் பி4-க்கு வந்து அதைக் கட்டிப்போட்டுவிடும். வெள்ளை ராணி டி2-க்கு வந்து காத்தாலும் சி3-இல் பிஷப்புகள் வெட்டுப்பட, கறுப்பு ராணி சி1-இல் இறங்கி மேட். பிளிட்ஸ் எனப்படும் மூன்று நிமிட ஆன்லைன் ஆட்டத்தில் எதிராளிகள் இதில் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். அந்தச் சிறுவன் இதை ஒரு காணொளியில் பார்த்துக் கற்றுக்கொண்டு, நூற்றுக்கணக்கான முறை ஆடித் தன் புள்ளிகளில் பெரும் பங்கை இதன் மூலமே சேர்த்திருந்தான்.

நேரடிப் போட்டியில் எதிரே அமர்ந்திருந்த சிறுமி அந்த பிஷப்பைத் தொடவில்லை. நான்கு நிமிடம் யோசித்துவிட்டுக் குதிரையை சி3-இல் வைத்தாள். காய்க் கணக்கு அப்போது சமம்தான்; ஆனால் வெள்ளைக்கு இரண்டு குதிரைகளும் ஒரு பிஷப்பும் களத்தில் நிற்க, கறுப்புக்கு ஒரு குதிரையும் எதிரியின் எல்லைக்குள் தனியே அலையும் ராணியும் மட்டுமே வெளியே வந்திருந்தன. அந்த 27 நிமிடமும் என்ன யோசித்தாய் என்று அவனைக் கேட்டேன். "பிஷப் சி3 ஆடாவிட்டால் என்ன செய்வதென்று அந்த வீடியோவில் சொல்லவில்லை சார்" என்றான். வேறு வழி தெரியாமல் சிப்பாயை டி6-க்கு நகர்த்தியிருக்கிறான். யானை பி1-க்கு வந்து ராணியைத் துரத்தியது; ராணி ஏ3-க்கு ஓடியது; குதிரை பி5-க்குத் தாவி ராணியையும் சி7 கட்டத்தையும் ஒன்றாகத் தாக்கியது. ராணி தப்பியது, சி7-இல் செக் விழுந்தது, ஏ8 யானை போனது.

இனி அந்த 1900 என்ற எண்ணுக்கு வருகிறேன். பெற்றோரின் மனத்தில் மிக ஆழமாக ஊன்றியிருப்பதும், என் வேலையை மிகக் கடினமாக்குவதும் இந்த எண்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ரேட்டிங் என்பது ஓர் ஆட்டக்காரரின் அறிவை அளக்கும் எண் அல்ல; ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்குள், ஒரு குறிப்பிட்ட நேரக் கட்டுப்பாட்டில், அந்தக் கூட்டத்தின் மற்றவர்களோடு ஒப்பிடும்போது அவர் எவ்வளவு வெல்கிறார் என்பதைச் சொல்லும் எண். லிசெஸ் தளத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்கும் எவருக்கும் 1500 என்ற எண்தான் முதலில் தரப்படுகிறது, செஸ்.காம் தளத்தில் கணக்குத் தொடங்கும்போது நீங்கள் எந்த நிலை ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்பத் தொடக்க எண் அமைகிறது. ஒரே பிள்ளை ஒரே வாரத்தில் இரு தளங்களிலும் ஆடினால் இரண்டு வேறு எண்கள் வரும். பிளிட்ஸுக்கு ஓர் எண், அதைவிடச் சற்று நீண்ட ரேப்பிட் ஆட்டத்துக்கு வேறோர் எண். ஒரு கடையின் படியால் அளந்த அரிசியை மறுகடையின் படியால் அளந்து, குறைகிறது என்று சண்டை போடுவதைப் போலத்தான் ஆன்லைன் எண்ணையும், உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்ப்பது.

ஃபிடேயின் எண்ணேகூட நிலையான அளவுகோல் அல்ல. 2024 மார்ச் 1 முதல் ஃபிடே தன் பட்டியலின் மிகக் குறைந்த ரேட்டிங்கை 1000-இலிருந்து 1400-ஆக உயர்த்தியது. அதே நாளில் 2000-க்குக் கீழே இருந்த அனைவருக்கும் ஒரே தடவையாகப் புள்ளிகள் கூட்டித் தரப்பட்டன. முந்தைய நாள் இரவு 1200 ரேட்டிங்கோடு உறங்கப்போன பிள்ளை மறுநாள் 1520 ஆகிவிட்டது. ஒரே இரவில் அந்தப் பிள்ளையின் ஆட்டம் ஒரு நகர்வு அளவுகூட முன்னேறவில்லை. அப்போதும் சிலர் எனக்கு நன்றி சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். எண்ணைப் பிள்ளையின் ஆட்டமாகவே எண்ணிக்கொள்வதால் வரும் குழப்பம் இது.

அடுத்த தவறான எண்ணம், பொறிகளை மனப்பாடம் செய்வதுதான் டாக்டிக்ஸ் (காயை வெல்லும் தந்திர நகர்வுகள்) பயிற்சி என்பது. டாக்டிக்ஸ் நிலையிலிருந்து பிறக்கிறது. காவல் இல்லாத காய், இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்யும் காய், ராஜாவுக்கு அருகில் திறந்துவிட்ட கோடு ஆகியவற்றைக் கண் பழகிக் கண்டுகொள்வதே அந்தத் திறமை. தொடக்கநிலைப் பொறிகளில் பெரும்பாலானவை ஏன் எஃப்7 கட்டத்தையே சுற்றி வருகின்றன என்று என் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளைக் கேட்பேன். பத்துப் பொறிகளை ஒப்பிக்கும் பிள்ளைக்கும் விடை தெரிவதில்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் அந்தக் கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை என்பதே விடை.

மனப்பாடம் எப்படிக் கழுத்தை அறுக்கும் என்பதற்கு ஒரு சிறிய எடுத்துக்காட்டு. இ4, இ5 ஆன பின் வெள்ளை பிஷப்பை சி4-இல் வைக்க, கறுப்பு குதிரையை சி6-இல் வைக்க, வெள்ளை ராணி எச்5-க்கு வந்தால், எஃப்7-இல் மேட் மிரட்டல் இருக்கிறது. சிப்பாயை ஜி6-க்கு நகர்த்துவது சரியான விடை. இதைப் பிள்ளைகள், "ராணி எச்5 வந்தால் ஜி6" என்று வாய்ப்பாடு போலப் பதிய வைத்துக்கொள்கிறார்கள். இப்போது வெள்ளை இரண்டாவது நகர்விலேயே ராணியை எச்5-க்குக் கொண்டுவருகிறது. கறுப்புக் குதிரை இன்னும் சி6-க்கு வரவில்லை. இ5 சிப்பாய்க்குக் காவல் இல்லை. பிள்ளையின் கை தானாக ஜி6 ஆடுகிறது. ராணி இ5 சிப்பாயைச் செக்குடன் வெட்டி, அடுத்த நகர்வில் எச்8 யானையையும் எடுத்துக்கொள்கிறது. இரண்டு நிலைகளிலும் ராணி நின்றது ஒரே கட்டத்தில்தான். வேறுபாடு ஒரு குதிரை. அதைப் பார்க்க மூன்று விநாடி போதும், ஆனால் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

கறுப்பு ஒரு சிப்பாயைப் பலியாகத் தரும் ஸ்டாஃபர்டு காம்பிட்டும், வெள்ளை பிஷப் சி4 வந்ததும் கறுப்பு தன் குதிரையை டி4-இல் வைத்து இ5 சிப்பாயைத் தூண்டிலாக விடும் ஆட்டமும் இதே வகையைச் சேர்ந்தவை. முதலாவதில் வெள்ளை டி3 ஆடி, பின் பேராசைப்படாமல் பிஷப்பை இ2-இல் வைத்தால் கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு, கையில் எதுவும் மிஞ்சாது. இரண்டாவதில் இ5 சிப்பாயைத் தொடாமல் குதிரையைக் குதிரையால் வெட்டினாலே வெள்ளையின் நிலை மேல். இந்த விடைகள் எதிராளிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை. பலகையைப் பார்த்து யோசிக்க நேரம் இருந்தாலே போதும். கிளாசிக்கல் போட்டியில் அந்த நேரம் அவருக்கு இருக்கிறது. எதிராளி தவறினால் மட்டுமே தாங்கும் ஓப்பனிங்கை ஒரு பிள்ளையின் முதன்மை ஆயுதமாக்குவது அந்தப் பிள்ளைக்கு நாம் இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இதைச் சொன்னால் பெற்றோர் உடனே, "ஆனந்த் பிளிட்ஸ் ஆடித்தானே வளர்ந்தார்?" என்று கேட்கிறார்கள். உண்மைதான். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய மிகைல் டால் செஸ் கிளப்பில் சிறுவனாக அவர் பிளிட்ஸ் ஆடினார். அங்கே வென்றவர் பலகையிலேயே அமர்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். அந்த வரிசையை நம் பெற்றோர் கவனிப்பதில்லை. தோற்ற ஆட்டத்தை நினைத்துப் பார்க்கவும், அடுத்தவர் ஆட்டத்தை நின்று கவனிக்கவும் அது நேரம் தந்தது. இன்று தோற்ற அடுத்த நொடியே புதிய எதிராளி திரையில் வந்து நிற்கிறார். பிள்ளைக்கு மூச்சுவிடும் இடைவெளிகூடக் கிடைப்பதில்லை. குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனபோது, அவருடைய பிளிட்ஸ் ரேட்டிங் கிளாசிக்கல் ரேட்டிங்கைவிட நூறு புள்ளிகளுக்கும் மேல் குறைவாக இருந்தது என்பதையும் இந்தப் பெற்றோர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிளிட்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. படித்த ஓப்பனிங்கில் எந்த இடத்தில் நமக்கு அடுத்த நகர்வு தெரியாமல் போகிறது என்பதை அறிய அதைவிட விரைவான வழி இல்லை. உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பே மூன்று நிமிடமும் நகர்வுக்கு இரண்டு விநாடியும் என்ற கணக்கில்தான் நடக்கிறது. நான் அஞ்சுவது அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் பழக்கங்களுக்காக. எதிராளி ஆடுவதற்கு முன்பே நகர்வைப் பதிவு செய்யும் பிரிமூவ் அவற்றில் முதன்மையானது. வெள்ளை டி4, கறுப்பு ஜி6 ஆடியதும் சிலர் வேண்டுமென்றே பிஷப்பை எச்6-இல் கொண்டுபோய் வைப்பார்கள். கறுப்பு பிஷப் அதைச் சும்மா வெட்டிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை பிஷப் ஜி7 என்று பிரிமூவ் போட்டிருந்தால், வெள்ளை அந்த பிஷப்பை வெட்டி, பின்னால் உள்ள யானையையும் பிடித்துவிடும். எதிராளியின் நகர்வைப் பார்க்காமல் ஆடக் கற்றுக்கொண்ட கை, போட்டிக் கூடத்திலும் பார்க்காமலே காயைத் தொடுகிறது. அங்கே தொட்ட காயை ஆடியே தீர வேண்டும், நடுவரான ஆர்பிட்டர் அதில் இரக்கம் காட்ட மாட்டார். தோற்கும் நிலையிலும் எதிராளியின் கடிகாரம் தீரும்வரை இழுத்தடிக்கும் பழக்கமும் அப்படியே. ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி சேரும் ஆட்டத்தில் அது உதவாது.

ஆகவே இனிச் செய்ய வேண்டியவை. பள்ளி நாட்களில் பிளிட்ஸ் நாளுக்கு நான்கு ஆட்டத்துக்கு மேல் வேண்டாம். கணக்கை ஆட்டங்களால் வையுங்கள், நிமிடங்களால் வைத்தால் பிள்ளை இன்னும் வேகமாக ஆடும். தொடர்ந்து இரண்டு தோல்வி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். மூன்றாவது ஆட்டத்தில் பிள்ளை ஆடுவது செஸ் அல்ல, இழந்த புள்ளிகளைத் துரத்துவது மட்டுமே. நகர்வுக்கு விநாடி சேராத ஆட்டங்களைத் தவிர்த்து, குறைந்தது மூன்று நிமிடமும் இரண்டு விநாடியும் உள்ளதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிரிமூவை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள், இன்றே. வாரத்துக்கு இரண்டு ஆட்டமாவது 15 நிமிடமும் பத்து விநாடியும் உள்ள ஆட்டமாக, நோட்டில் நகர்வுகளைக் கையால் எழுதியபடி ஆட வேண்டும். வெள்ளைக்கு ஒரு ஓப்பனிங், கறுப்பில் இ4-க்கு ஒன்று, டி4-க்கு ஒன்று. ஓராண்டுக்கு இவை போதும். இத்தாலியன் ஆட்டமும் காரோ-கானும் யாரையும் ஏமாற்றுவதில்லை, ஆனால் எதிராளி என்ன ஆடினாலும் கைவிடுவதில்லை. புதிர்களைக் கடிகாரம் இல்லாமல் தீர்க்கச் சொல்லுங்கள். முழு விடையும் மனத்தில் தெளிந்த பிறகுதான் முதல் நகர்வைத் தொட வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும், நகர்வுகளை ஆராய்ந்து சொல்லும் கணினி நிரலான என்ஜினைத் திறக்காதீர்கள். எந்த நகர்வில் குழம்பினாய் என்று முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். அதை அது தன் சொற்களில் நோட்டில் எழுதிய பிறகு என்ஜினைப் பார்க்கட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்றைக்கு ரேட்டிங் எவ்வளவு?" என்று கேட்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு எங்லண்ட் காம்பிட் ஆடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அந்தச் சிறுவனுக்குச் சென்ற ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அதே நிலையைப் பலகையில் வைத்து, இம்முறை அவனை வெள்ளைப் பக்கம் அமரச் சொன்னேன். குதிரை சி3 என்ற விடையை அவன் முன்பே அறிவான் என்பதால், அதை ஆடாமல், அது ஏன் சரி என்பதை மட்டும் விளக்கச் சொன்னேன். பதினோரு நிமிடம் பேசாமல் இருந்தான். பிறகு கறுப்பு ராணியின் மேல் விரலை வைத்து, "இது திரும்பிப் போக ஒரே ஒரு கோடுதான் சார் இருக்கிறது, அதை டி6 ஆடி நானே அடைத்துவிட்டேன்" என்றான்.