புறக்கடைக் கோழி, பறவைக் காய்ச்சல்: சொல் விளக்கம்

‘புறக்கடைக் கோழி’ என்று யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. கால்நடைத் துறையின் துண்டறிக்கையில் படித்திருக்கிறேன். வேளாண் இதழ்களில் படித்திருக்கிறேன். பறவைக் காய்ச்சல் வரும் ஆண்டுகளில் நாளிதழ்களிலும் படித்திருக்கிறேன். ஆனால் வீட்டில் நாலு கோழி வைத்திருக்கும் எவரும் தன்னைப் புறக்கடைக் கோழி வளர்ப்பவர் என்று சொல்லிக்கொள்வதில்லை. “வீட்ல கோழி கெடக்கு” என்பார்கள், அவ்வளவுதான். எழுத்தில் மட்டும் வாழும் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, நோய்ச் செய்திகளில் அது என்ன வேலை செய்கிறது, அதைவிட நல்ல சொல் தமிழில் உண்டா என்று பார்க்கலாம்.

முதலில் பொருள். பகலெல்லாம் வீட்டைச் சுற்றித் திரிந்து, பூச்சி புழுவையும் சிந்திய தானியத்தையும் அடுக்களை மிச்சத்தையும் பொறுக்கித் தின்று, இருட்டியதும் கூட்டுக்குள்ளோ பஞ்சாரத்துக்குள்ளோ முருங்கைக் கிளையிலோ அடைகிற கோழிதான் புறக்கடைக் கோழி. ஐந்து இருக்கும், பத்து இருக்கும், மிஞ்சினால் இருபது முப்பது. ஆங்கிலத்தில் ‘பேக்யார்டு பவுல்ட்ரி’ என்பதற்கு நேராக அலுவலகத் தமிழ் கண்டுபிடித்த தொடர் இது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2004-இல் உலகக் கோழி வளர்ப்பை நோய்த் தடுப்புக் கட்டுப்பாட்டின் அடிப்படையில் நான்கு அடுக்குகளாகப் பிரித்தது. முதல் அடுக்கில் பெரிய தொழில் நிறுவனங்களின் பண்ணைகள். கடைசி அடுக்கில் ‘கிராமம் அல்லது பேக்யார்டு’. ஆசியாவில் பறவைக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. அதன் பிறகு நோய் பற்றிய எந்த ஆவணத்தைத் திறந்தாலும் இந்த ‘பேக்யார்டு’ எதிர்ப்படும். கூடவே தமிழில் புறக்கடை.

புறக்கடையை நாம் புதிதாக உருவாக்கவில்லை, அது பழைய சொல்தான். புறம் + கடை. இங்கே கடை என்பது மளிகைக் கடை இல்லை, வாசல். “அறன்கடை நின்றாருள் எல்லாம் பிறன்கடை நின்றாரின் பேதையார் இல்” என்ற குறளில் ‘பிறன்கடை’ என்றால் அடுத்தவன் வீட்டு வாசல். கதவுக்கு வெளியே, வீட்டின் பின்பக்க வாசலை ஒட்டிய இடம் புறக்கடை. இதற்கு ஒரு பங்காளிச் சொல் உண்டு: புழைக்கடை. புழை என்றால் சிறிய நுழைவழி. அதுதான் பேச்சில் புழக்கடை ஆனது. கொங்குப் பக்கம் பொடக்காளி. திருநெல்வேலிப் பக்கம் புறவாசல், வாயில் வரும்போது ‘பொறவாசல்’. தஞ்சாவூரில் கொல்லைப்புறம். யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றிய நிலம் முழுவதும் வளவு, அதன் பின்பக்கம் கோடி.

இதில் கொல்லை என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சங்க காலத்தில் அது முல்லை நிலத்துப் புன்செய், வரகும் தினையும் விளைகிற காடு. இன்றைக்கும் பல ஊர்களில் வயலைக் கொல்லை என்கிறார்கள். ஆனால் “கொல்லைக்குப் போயிட்டு வந்துடறேன்” என்றால் வேறு வேலைக்குப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். கழுவு நீரும் எருக்குழியும் எச்சில் இலையும் எல்லாம் பின்பக்கம்தான். ஆக, ‘கொல்லைப்புறம்’, ‘புறக்கடை’ என்று ஒரு கோழிக்கு அடைமொழி போட்ட உடனேயே, அதைப் படிக்கிறவர் மனத்தில் அசுத்தமும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘யார்டு’ என்றால் வேலி போட்ட இடம், தோட்டத்தைக் குறிக்கும் ‘கார்டன்’ அதன் உறவுக்காரச் சொல். அங்கே அந்தச் சொல்லில் புல்தரை மணக்கிறது, இங்கே சாக்கடை. நோய்ச் செய்தியில் இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை.

நாளிதழ்க் கோழி இரண்டு வகை. வேளாண் பக்கத்தில், ஞாயிறு இணைப்பில், யூடியூபில் அது ‘நாட்டுக்கோழி’. மருத்துவ குணம் நிறைந்தது, சளிக்கு நல்லது, மாதம் லட்சம் ரூபாய் வருமானம் தருவது. அதே கோழி முதல் பக்கத்துக்கு வந்தால் ‘புறக்கடைக் கோழி’ ஆகிறது. கொத்துக் கொத்தாகச் செத்து மடிகிறது, மர்ம நோய் தாக்குகிறது, பொதுமக்கள் பீதி அடைகிறார்கள். மர்மம், பீதி, எதிரொலி: இந்த மூன்று சொற்களும் இல்லாமல் தமிழில் ஒரு கோழிச் செய்தி எழுதிவிட முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். படம் இன்னொரு வேடிக்கை. ஆயிரக்கணக்கில் கோழி அடைத்த பண்ணையில் நோய் என்று செய்தி இருக்கும். பக்கத்தில் குப்பைமேட்டைக் கிளறும் ஒரு நாட்டுச் சேவலின் படம் இருக்கும்.

(‘நாட்டு’ என்ற ஒட்டு பிற்பாடு வந்ததுதான். பிராய்லர் வருவதற்கு முன் இருந்ததெல்லாம் வெறும் கோழி. அது வந்ததும் பழையதுக்கு ஒரு அடைமொழி தேவைப்பட்டது. பிராய்லர் என்பதோ, ஆங்கிலத்தில் நெருப்பில் வாட்டிச் சமைப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த பெயர். உயிரோடு இருக்கும்போதே சமையல் முறையால் பெயர் பெற்ற பறவை!)

சரி, அடுத்த சொல்லுக்கு வருவோம். பறவைக் காய்ச்சல்.

ஆங்கிலத்தில் ‘புளூ’ என்பது இன்புளுயன்சாவின் சுருக்கம். இன்புளுயன்சா இத்தாலியச் சொல். செல்வாக்கு, ஆதிக்கம் என்று பொருள். விண்மீன்களின் ஆதிக்கத்தால் நோய் வருகிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். கோழிகளை அடித்த இந்த நோயை 1878-இல் வட இத்தாலியில் முதலில் விவரித்தவர் எடுவார்டோ பெரோன்சிட்டோ. அப்போது பெயரில் இன்புளுயன்சா இல்லை. கோழிகளின் கொள்ளை நோய் என்ற பொருளில் ‘பவுல் பிளேக்’ என்றார்கள். இன்புளுயன்சா வகை வைரஸ்தான் காரணம் என்று 1955-இல் தெரிந்தது. 1981-இல் நடந்த ஒரு பன்னாட்டு ஆய்வரங்கில்தான் பழைய பெயரைக் கைவிட்டு ‘ஏவியன் இன்புளுயன்சா’ என்று மாற்றினார்கள். தமிழுக்கு அது பறவைக் காய்ச்சலாக வந்து சேர்ந்தது.

மொழிபெயர்ப்பில் தவறு சொல்ல முடியாது. ஆனால் தமிழில் தொகைச்சொல் செய்யும் குறும்பு ஒன்று இதில் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் என்பதைப் பறவைக்கு வரும் காய்ச்சல் என்றும் விரிக்கலாம், பறவையால் வரும் காய்ச்சல் என்றும் விரிக்கலாம். நமக்கு ஏற்கனவே பழகிய சொல் எலிக் காய்ச்சல். எலிக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் படுப்பது எலி அல்ல, நாம். 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சலும் அப்படியே. அந்த வரிசையில் பறவைக் காய்ச்சலையும் கேட்கும் காது அதை மனிதக் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்கிறது. எங்கோ கோழி செத்தது என்ற செய்தி, அடுத்து நம் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்பதாக மாறிவிடுகிறது. இறைச்சிக் கடை அன்றைக்கே காற்று வாங்குகிறது. நன்றாக வேகவைத்த கறியிலும் முட்டையிலும் 70 டிகிரிக்கு மேல் அந்த வைரஸ் தாங்காது என்பதைச் செய்தியின் கடைசிப் பத்தியில்தான் போடுவார்கள்.

காய்ச்சல் என்ற பாதியும் கோழிக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது எங்கள் ஆச்சி. 2006-இல், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியாகி நாடே அதைப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவிலும் கோழிகள் சாகத் தொடங்கின. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன, சிறகைத் தொங்கப் போட்டு, கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. பக்கத்து வீட்டுப் பையன் பேப்பரோடு ஓடிவந்தான்.

“ஆச்சி, இது பறவைக் காய்ச்சலாம். கோழியத் தொடாதீய!”

“காய்ச்சலா? கோழி என்னைக்குல சூடு இல்லாம இருந்துச்சு? ஏலே, இது கழிச்சல். சீக்கு.”

ஆச்சி சொன்னதில் அறிவியலும் இருக்கிறது. நல்ல கோழியின் உடல் வெப்பமே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். மனிதனுக்கு அது உயிர் போகிற காய்ச்சல். கோழிக்காரர் யாரும் தொட்டுப் பார்த்து நோய் சொல்வதில்லை. கொண்டை நீலம் பாய்ந்திருக்கிறதா, முகம் வீங்கியிருக்கிறதா, எச்சம் என்ன நிறம், முட்டை நின்றுவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள். அப்புறம் வந்த கால்நடை மருத்துவர் வெள்ளைக் கழிச்சல் என்றார். மீதமிருந்த கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டார். ஆச்சி கண்ணால் கண்டுபிடித்ததை அவர் சோதித்தும் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு நோயையும் வெறும் கண்ணால் உறுதியாகப் பிரித்துவிட முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளைக் கழிச்சலின் புத்தகப் பெயர் ராணிக்கெட் நோய். இன்றைய உத்தராகண்டில் உள்ள மலை ஊர் ராணிக்கெட், 1927-இல் இந்தியாவில் இந்த நோய் அங்கே அடையாளம் காணப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 1926-இல், இங்கிலாந்தின் நியூகேசிலில் இதே நோய் அடையாளம் காணப்பட்டதால் உலகத்துக்கு அது நியூகேசில் நோய். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு பாவமும் செய்யவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம் மக்கள் ஊரைப் பிடிக்காமல் எச்சத்தின் நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைக் கழிச்சல் என்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிலேயே இருக்கிறது. கோழி அம்மையும் அப்படிப்பட்ட பெயர்தான். சீக்கு மட்டும் ஆங்கில ‘சிக்’கிலிருந்து வந்தது என்பார்கள். வந்தால் என்ன, ‘சீக்கு வந்த கோழி மாதிரி’ என்று சொல்லுமளவுக்கு அது நம்முடையதாகிவிட்டது. வீட்டுக் கோழிகளை ஆண்டுதோறும் காலிசெய்வது பெரும்பாலும் இந்தக் கழிச்சல்தான். அதற்குத் தடுப்பூசி உண்டு, தமிழ்நாட்டில் முகாம் போட்டுக் கட்டணம் இல்லாமல் போடுகிறார்கள். முகாம் செய்தி உள்பக்கத்தில் நாலு வரி.

இதை வைத்து, வீட்டுக் கோழிக்குப் பறவைக் காய்ச்சலே வராது, எல்லாம் ஊடகப் புரளி என்று கிளம்புகிறவர்களோடும் நான் சேர மாட்டேன். 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் தொடங்கி மாநிலத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல், பெரும்பாலும் வீட்டுக் கோழிகளைத்தான் வாரிக்கொண்டு போனது. கோழிகளை அழிக்க அரசு ஆட்கள் வந்தபோது அவற்றை ஒளித்து வைத்த வீடுகள் ஏராளம். ஒளித்தவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பள்ளிக்கூடச் செலவுக்கும் திடீர் விருந்துக்கும் அந்தக் கோழிதானே வங்கி. 2003 முதல் உலகம் முழுவதும் மனிதர்களில் உறுதியான எச்5என்1 தொற்றுகள் ஆயிரத்தை ஒட்டியே இருக்கின்றன. ஆனால் தொற்றியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை. நோயுற்ற அல்லது செத்த பறவையைக் கையாண்டவர்கள், அறுத்தவர்கள், இறகு பிடுங்கியவர்கள் அவர்களில் நிறையப் பேர். செத்த கோழியைத் தூக்கித் தெருவில் எறியாதே, அறுத்துச் சமைக்காதே என்ற எச்சரிக்கை மிகையே இல்லை.

என் வழக்கு வேறு. நோயின் கதையைச் சொல்லும்போது எல்லாப் பழியும் அந்த ‘நான்காம் அடுக்கு’ மேல் விழுகிறது. நவாப்பூரில் முதலில் செத்தவை வணிகப் பண்ணைகளின் கோழிகள். 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தபோது சந்தேகம் போனது உயிர்க்கோழிச் சந்தைகளின் மேல். அங்கே சில நாள்களில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கோழிகளைக் கொன்றார்கள். 2015-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய ஐந்து கோடிப் பறவைகள் போயின, அவற்றில் பெரும்பாலானவை மாபெரும் முட்டைப் பண்ணைகளிலும் வான்கோழிப் பண்ணைகளிலும் இருந்தவை. 2014-இல் கேரளத்தின் குட்டநாட்டில் செத்தவை அறுவடை முடிந்த வயல்களில் மேய்கிற வாத்துகள். அவை பண்ணையும் இல்லை, புறக்கடையும் இல்லை. ஆனால் இந்தியாவில் இப்போதுள்ள விதிப்படி, ஓரிடத்தில் நோய் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தையும் அழிக்க வேண்டும். பண்ணையில் தொடங்கினாலும் பக்கத்து வீட்டுப் பஞ்சாரமும் காலியாகும். இழப்பீடு உண்டு. அடைக்கோழிக்கும் அதன் அடியில் இருக்கும் முட்டைகளுக்கும் என்ன விலை வைப்பது என்பது வேறு கதை.

இனி நல்ல தமிழ்ச் சொல். தேடிப் போக வேண்டியதே இல்லை, குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: ‘மனையுறை கோழி’. மனையில் உறைகிற கோழி. பின்பக்கமும் இல்லை, வெளியும் இல்லை, வீட்டோடு வாழ்கிற கோழி. அந்தப் பாட்டு இந்த இடத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். மாலை நேரம். வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்துவிட்டன. குட்டைக்கால் பெட்டைக் கோழி, எங்கே புகுவது என்று தெரியாமல் கூடிநிற்கும் குஞ்சுகளைக் கத்திக் கூப்பிடுகிறது. அந்தக் கத்தலைப் போல இன்னாததாக ஒலிக்கும் ஊர்ப்பேச்சோடு எங்கள் தெருவுக்கு வராதே ஐயா என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். ஊர்ப்பேச்சுக்கு அவர் போட்ட சொல் அம்பல். வாய்க்குள் முணுமுணுக்கும் வரை அம்பல், ஊரறிய வெடித்தால் அலர். கோழியும் அச்சமும் வதந்தியும் ஒரே பாட்டில், ஆறே அடியில்.

‘மனையுறை கோழி’ நாளிதழ்த் தலைப்புக்குக் கொஞ்சம் நீளம் என்றால் மனைக்கோழி என்று சுருக்கலாம். அதுவும் இலக்கியமாகத் தெரிந்தால் வீட்டுக்கோழி போதும், படிக்கிற எவருக்கும் விளங்கும். அரசுத் திட்டத்தின் பெயராகப் புறக்கடை இருந்துவிட்டுப் போகட்டும், அதை மாற்றக் கோப்பு நகர்வதற்குள் நாலு தலைமுறைக் கோழி வந்துவிடும். பறவைக் காய்ச்சலைப் பெயர் மாற்ற வேண்டாம், ஊன்றிவிட்டது. செய்தியின் முதல் வரியிலேயே ‘பறவைகளைத் தாக்கும்’ என்று இரண்டு சொல் சேர்த்தால் எலிக் காய்ச்சல் குழப்பம் தீரும். ஆய்வக முடிவு வரும் வரை ‘மர்ம நோய்’ என்று எழுதாமல் ‘கோழிகள் இறப்பு, மாதிரிகள் சோதனைக்கு அனுப்பப்பட்டன’ என்று எழுதலாம். இடமும் அதிகம் ஆகாது.