அடையாள அட்டையின் படம் யாருடைய கணினியில் கிடக்கிறது?

இலங்கையில் டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிய பேச்சு எழுந்த நாளிலிருந்து, கைரேகையையும் கருவிழிப் பதிவையும் அரசிடம் கொடுக்கலாமா, இந்திய உதவியுடன் அமையும் கட்டமைப்பில் நமது தரவு யார் கையில் இருக்கும் என்ற விவாதம் சூடாக நடக்கிறது. அது நடக்க வேண்டிய விவாதம்தான். ஆனால் திருகோணமலையில் கடைகளின் கணினிகளைத் திருத்திப் பராமரிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, அதைவிட அவசரமான விடயம் ஒன்று தினமும் கண்ணில் படுகிறது. இன்று நம் பணப்பையில் இருக்கும் அட்டையின் படம், எந்தக் காவலும் இன்றி, போட்டோக் கொப்பியும் பிரின்டும் எடுத்துத் தரும், ஊரிலுள்ள கொமினிகேஷன் கடைகளில் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது.

கச்சேரி என்னும் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், வங்கி என்று எங்கே போனாலும் அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி கேட்கிறார்கள். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ பஸ் ஏறி வந்த ஒருவர், தேவையான ஆவணத்தை வீட்டில் விட்டு வந்திருந்தால், அதைப் படம் பிடித்து அனுப்பும்படி மகளுக்கு அழைப்பு எடுப்பார். கடைத் தம்பியும் உதவும் மனத்தோடு, "அக்கா, இந்த நம்பருக்கு வட்ஸ்அப்பில போடுங்க, பிரின்ட் எடுத்துத் தாறன்" என்பார். படம் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் இறங்கும். பிரதி கைக்கு வரும். காசு கொடுத்துவிட்டு அவர் போய்விடுவார். படம் அங்கேயே இருக்கும். பிறகு நினைவு வந்து தன் கைப்பேசியில் அந்தச் செய்தியை எல்லோருக்குமாக அழித்தாலும், கணினியில் இறங்கிவிட்ட கோப்பு அழியாது.

வேகம் குறைந்துவிட்டது என்று திருத்தக் கொண்டுவரப்படும் கடைக் கணினியில் வட்டு நிறைந்திருப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கோப்புறையே காரணமாக இருக்கிறது. எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை, சிறுபடங்களே போதும். பூப்போட்ட மேசை விரிப்பின் மேல் வைத்து எடுத்த அட்டையின் முன்பக்கம், அடுத்து பின்பக்கம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய கடவுச்சீட்டு, ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், யாரோ ஒருவருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கை. கடைக்காரர் கெட்டவர் அல்லர்; அந்தக் கோப்புறையை அவர் திறந்து பார்ப்பதுகூட இல்லை. ஆனால் அந்தக் கணினியில் வேலைக்கு வந்து போகும் பையன்கள், பென்டிரைவ் செருகுபவர்கள், என்னைப் போன்ற திருத்துநர்கள் என்று எத்தனையோ பேருடைய கை அதில் படுகிறது.

நம்முடைய அட்டையில் இலக்கமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1985570 என்று தொடங்கும் எண், பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகக் கொள்ளும் அந்தக் கணக்குப்படி, 1985 மார்ச் 10இல் பிறந்த ஒரு பெண்ணுடையது. பின்பக்கத்தில் விலாசமும் இருக்கிறது. ஆகவே வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் மோசடிக்காரர் பெயர், பிறந்த திகதி, விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் தானே ஒப்புவிக்கும்போது, கேட்பவர் நம்பிவிடுகிறார். அதன்பின் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தைக் கேட்பது அவருக்குச் சுலபம். இவ்வளவு தெரிந்தவர் வங்கிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணமே இங்கே கண்ணி.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சேகரித்த நோக்கம் முடிந்தபின் தரவை வைத்திருக்கக் கூடாது என்ற கொள்கையை ஏற்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. சட்டம் முழுமையாக வந்தாலும், சின்னக் கடைக்காரரை மட்டும் பிடித்து உலுப்புவது நியாயம் என்று நான் கருதவில்லை. அசல் அட்டையைக் கண்ணால் பார்த்துப் பதிந்துகொள்ளக்கூடிய இடத்திலும் பிரதி வாங்கிக் கோவையில் குத்திவைக்கும் அலுவலக வழக்கமே இந்தக் குவியலை உண்டாக்குகிறது. டிஜிட்டல் அடையாளம், பிரதி எதுவும் கைமாறாமல் இன்னார்தான் என்று உறுதிசெய்யும் முறையாக வருமானால் அதை நான் வரவேற்பேன். அதையும் அச்சிட்டு இரண்டு பிரதி கொண்டுவரச் சொல்வார்களானால், கருவிழிப் பதிவு வரை கொடுத்தும் நமக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

அதுவரை, கொடுக்கும் பிரதியின் குறுக்கே எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேவைக்கு, எந்தத் திகதியில் என்று பேனையால் எழுதிக் கொடுங்கள். கடையில் அச்சிட்டதும், உங்கள் கண் முன்னே கோப்பை அழித்து ரிசைக்கிள் பின்னையும் வெறுமையாக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டியதில்லை. உங்கள் வட்ஸ்அப்பையே அந்தக் கணினியில் திறந்திருந்தால், கைப்பேசி வட்ஸ்அப்பின் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதிக்குச் சென்று அதை நீக்கிவிட்டு வெளியேறுங்கள்.

கடைக்காரர்களுக்கு நான் செய்துகொடுப்பது மிகச் சிறிய வேலை. விண்டோஸிலேயே இருக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் வசதியில், ஒரு நாளுக்கு மேல் திறக்கப்படாத டவுன்லோட்ஸ் கோப்புகள் தானாக நீங்கும்படி அமைத்துவிடலாம். சிலர் மறுக்கிறார்கள். "போன கிழமை எடுத்த ஐ.சி. கொப்பிதான் தம்பி, இன்னொன்று தாங்கோ" என்று வாடிக்கையாளர்களே வந்து கேட்கிறார்களாம். அவர்களிடம் அட்டையை மறுபடி வாங்கி ஸ்கேன் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதே கடைக்காரர்களுக்கு நான் சொல்லும் பதில்.