'இந்தி-4' என்பது ஒரு பெயரா?

சென்ற வாரம், மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் கூலிப் பதிவேடு என் மேசைக்கு வந்தது. பெயர்ப் பத்தியில் 'இந்தி-1' முதல் 'இந்தி-9' வரை எழுதியிருந்தார்கள். நான்காவது ஆள், பெல்ட்டில் சிக்கி இரண்டு விரல்களை இழந்தவர். மேற்கு வங்காளத்துக்காரர், அவர் தாய்மொழி இந்தியே அல்ல. இழப்பீடு கேட்டால், "இவர்தான் அந்த நான்காவது ஆள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்கிறது நிர்வாகம். மூன்று வருடம் கூடவே நின்று வேலை வாங்கிய மேஸ்திரிக்கும் பெயர் தெரியவில்லை. தொழிலாளர் வழக்குகளை நடத்தும் எனக்கு இந்த ஆண்டில் இது மூன்றாவது வழக்கு. பதிவேடு கையில் கிடைத்தால் முதலில் பெயர்ப் பத்தியைத்தான் பார்க்கிறேன்.

"சார், அடித்தோமா, கூலியைக் குறைத்தோமா? விளையாட்டாகக் கூப்பிட்டதெல்லாம் இனவெறியா?" என்று முதலாளிகள் கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இனவெறி என்பது வெள்ளைக்காரன் கறுப்பரிடம் காட்டுவது மட்டுமல்ல. ஐ.நா. 1965இல் ஏற்று, இந்தியா 1968இல் ஒப்புதல் அளித்த உடன்படிக்கை, நிறம், வம்சாவளி, பூர்வீகம் இவற்றின் பேரில் ஒருவரின் உரிமையைக் குறைப்பதையும் இனப் பாகுபாடு என்றே சொல்கிறது. விளையாட்டு என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். அவர் சிரிக்கிறார் என்கிறீர்களா? கூலி உங்கள் கையில் இருக்கிறது, சிரிக்காமல் என்ன செய்வார்?

நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போன நம் தாத்தாக்களை அங்கே இழிவாகக் 'கிளிங்' என்றார்கள். பம்பாயில் நாம் எல்லோரும் 'மதராசி'. அந்தச் சொற்களின் சூடு ஆறாத வீடுகள் இந்த டெல்டாவில் இன்னும் இருக்கின்றன. இதே டெல்டாவில், ஓட்டல் வரவேற்பறையில் நிற்கும் மணிப்பூர்ப் பெண்ணிடம், "நீ சைனாவா?" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். கேட்பவருக்கு அது ஒரு தடவை. அவளுக்கு அன்றைக்குப் பத்தாவது தடவை.

முதலாளிகளே, ஆதாரில் உள்ள முழுப்பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று வைத்திருக்கும் தனி டம்ளரை இன்றே எடுத்துவிடுங்கள். மேஸ்திரி கேலி செய்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மறுநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதில் பாதிக்கப்பட்டவருக்கு எந்த ஆறுதலும் இல்லை. யாராவது முறையிட்டால், "இதையெல்லாம் பெரிதுபடுத்தாதே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பக்கத்தில் நிற்கும் தொழிலாளர்களே, தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் யார் என்று குறித்து வையுங்கள். வழக்கு வந்தால் அந்தத் துண்டுச்சீட்டுத்தான் பேசும்.

நடவுக்கு வங்காளத்திலிருந்து வரும் குழுக்களுக்கும் இதே முறைதான். நாளைக் காலை வயலில் இறங்குமுன் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேளுங்கள். தவறாக உச்சரித்தால் அவர்களே திருத்தட்டும்.