மழை விட்டும் தூவானம் விடாத ஞாயிறு

"ஞாயிறு பிற்பகல் மழைக்கு 60 சதவீதம் வாய்ப்பு" என்று வியாழக்கிழமை ஒரு வரி வந்துவிட்டால் போதும், அந்த ஃபார்முலா 1 வாரத்தின் பேச்சே மாறிவிடும். எந்தக் காருக்கு வேகம் அதிகம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மேகத்தின் பக்கம் திரும்பிவிடுவார்கள். மழையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அந்த மூன்று நாளுக்கு ஈடாக எனக்கு இந்த விளையாட்டில் வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த 60 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பந்தயம் எப்படிப் போகும் என்று சொல்லிவிட முடியாது. ஏன் முடியாது என்று தேடிப்போனால், மழைப் பந்தயத்தின் இயற்பியல் பெரும்பாலும் அந்த வழியிலேயே வந்துவிடும்.

வானிலைக் கணினி ஒரே ஒரு கணிப்போடு நிற்பதில்லை. இப்போதைய வெப்பநிலை, ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் இம்மி இம்மியாக மாற்றிக் கொடுத்து, அதே ஞாயிற்றுக்கிழமையைப் பல முறை ஓட்டிப் பார்க்கும். 50 முறை ஓட்டியதில் 30 முறை மழை பெய்தால், ஏறத்தாழ 60 சதவீதம். அதில் பத்து நிமிடத் தூறலும் மழைதான், கொட்டித் தீர்ப்பதும் மழைதான். டயருக்கு வேண்டிய தகவல் வேறு. தரையில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, எந்த வளைவில், எந்த நிமிடத்தில்?

ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் 300 கி.மீ. வேகத்தில் போனால், ஒரு வினாடியில் 83 மீட்டர் கடக்கிறது. டயரின் அகலம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் நீர்ப்படலத்தின் மேல் அது உருளும்போது, ஒவ்வொரு வினாடியும் அதன் வழியில் 25 லிட்டர் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. பெரிய குடம் ஒன்றரை என்று சொல்லலாம். இந்தத் தண்ணீர் அத்தனையும் டயருக்கு அடியிலிருந்து வெளியேறியாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. டயர் தரையைத் தொடும் பகுதி ஒரு சாண் நீளம்கூட இருக்காது. அந்த வேகத்தில் அதைக் கடக்க ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு போதும்.

வெளியேற வழியில்லை என்றால் தண்ணீர் டயரைத் தூக்கிவிடும். ஓடும் டயர் தண்ணீரில் மோதும்போது எழும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் 3.8 வளிமண்டல அழுத்தம். பந்தய டயருக்குள் இருக்கும் காற்றோ 20 பி.எஸ்.ஐ. சொச்சம்தான், அதாவது ஒன்றரை வளிமண்டலத்துக்குப் பக்கம். ஆகவே ஆழமாகத் தண்ணீர் தேங்கிய இடத்தில், பள்ளம் வெட்டாத மொழுமொழு டயர் 60 கி.மீ. வேகத்திலேயே மிதக்கத் தொடங்கிவிடலாம். மிதந்த பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை. காரில் பொருத்திய கேமராவில் அந்தக் கணத்தைப் பார்த்தால் உறைந்துபோவீர்கள். ஓட்டுநரின் கைகள் முழுவதும் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். கார் மட்டும் அவரைக் கேட்காமல் நேராகப் போய்க்கொண்டிருக்கும்.

உலர்ந்த தரைக்கான ஸ்லிக் டயரில் பள்ளமே கிடையாது. மழைக்கென்று பிரெல்லி நிறுவனம் இரண்டு வகை தருகிறது. பச்சைக் கோடு போட்ட இன்டர்மீடியட், 300 கி.மீ. வேகத்தில் ஒரு டயருக்கு வினாடிக்கு 30 லிட்டர் வரை தண்ணீரை அப்புறப்படுத்தும். நீலக் கோடு போட்ட வெட் டயர் 85 லிட்டர் வரை தள்ளும். நாம் போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். இன்டர்மீடியட் சமாளிப்பது மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றை ஒட்டிய நீர்ப்படலத்தை. வெட் டயருக்கு மூன்று, மூன்றரை. ஸ்லிக்குக்கும் வெட்டுக்கும் நடுவே இருக்கும் மொத்த உலகமும் ஒரு அரிசி மணியின் நீளத்துக்குள் அடங்கிவிடுகிறது. வெட் டயரின் விட்டமும் சற்றே பெரியது. காரின் அடித்தளம் தரையோடு ஒட்டிப் போவதால், தேங்கிய நீர் அதையும் தொட்டுத் தூக்கிவிடும். பெரிய டயர் அந்தத் தளத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கிறது.

பள்ளம் வழியே தண்ணீர் போய்விட்டாலும் ரப்பருக்கும் தார்த்தரைக்கும் நடுவே மெல்லிய ஈரப்படலம் மிஞ்சும். உலர்ந்த தரையில் ரப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்வது ஒன்று. தரையின் சொரசொரப்புக்குள் அமுங்கி எழும்போது ஆற்றலை இழந்து இழுத்துப் பிடிப்பது இன்னொன்று. ஈரம் முதல் வகையைப் பெரும்பாலும் கெடுத்துவிடும். இரண்டாவதை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அதனால் மழை டயரின் ரப்பர் மென்மையானது, குறைந்த சூட்டிலேயே வேலை செய்வது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று வருகிறது. வளைவில் எல்லோரும் போகும் வழக்கமான பாதையில் ரப்பர் தேய்ந்து தேய்ந்து படிந்திருக்கும். உலர்ந்த நாளில் அதுதான் நல்ல பிடிமானம். மழை நாளில் அதே பாதை வழுக்கும், ஏனென்றால் தரையின் நுண்ணிய சொரசொரப்பை அந்த ரப்பரே அடைத்துவிட்டது. ஆகவே மழையில் நல்ல ஓட்டுநர் வளைவின் வெளிப்புறமாக, யாரும் போகாத தரையைத் தேடிப் போவார். 2016 பிரேசில் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் மற்றவர்கள் தொடாத இடங்களிலெல்லாம் காரை ஓட்டி, பத்துக்கும் மேற்பட்ட கார்களைக் கடந்து மூன்றாவதாக வந்தார். எந்தத் தரையில் தார் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது என்று ஒவ்வொரு சுற்றிலும் தேடிக் கண்டுபிடித்ததில் கிடைத்த இடம் அது.

சரி, வினாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை டயர் தள்ளுகிறது. தள்ளிய தண்ணீர் எங்கே போகும்? நான்கு டயருக்குமாகச் சேர்த்தால் 340 லிட்டர் வரை. பெரும்பகுதி பொடிப்பொடியாகச் சிதறி மேலே எழும்புகிறது. காரின் அடித்தளமும் பின் இறக்கையும் காற்றை மேல்நோக்கி வீசி எறிவதால், அந்தத் துளிகள் கீழே விழாமல் புகைபோல நிற்கின்றன. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போமே, பந்தயத் தளத்தில் அது எழுத்துக்கு எழுத்து உண்மை. வானத்தில் மழை நின்று இருபது நிமிடம் ஆன பிறகும், தரையில் ஈரம் இருக்கும்வரை கார்கள் தாங்களே ஒரு மழையைக் கிளப்பிக்கொண்டு ஓடுகின்றன. முன்னால் போகும் காரின் பின்புறச் சிவப்பு விளக்கு மினுக்குவது மட்டும்தான் பின்னால் வருபவருக்குத் தெரியும். சில நேரம் அதுவும் தெரியாது.

வெட் டயரின் சிக்கலும் இதுதான். அந்த டயர் தேவைப்படும் அளவுக்குத் தண்ணீர் நின்றால், அது கிளப்பும் தூவானத்தில் கண் தெரியாமல் போய், பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி வந்துவிடுகிறது. கண் தெரியும் அளவுக்குத் தண்ணீர் குறைந்தால் இன்டர்மீடியட்டே வேகமாகப் போகிறது. 2021இல் பெல்ஜியத்தின் ஸ்பா தளத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில், எல்லோரையும் மெதுவாக நடத்திச் செல்லும் சேஃப்டி காருக்குப் பின்னால் சில சுற்றுகள் மட்டும் ஊர்ந்து, பாதிப் புள்ளிகளோடு பந்தயம் முடிந்தது. "இதற்கா மழை டயர் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டவர்களின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. நனைந்தபடி நின்ற ரசிகர்களுக்கு அது பெரிய அநீதிதான். ஆனாலும் அன்று பந்தயத்தை நடத்தாமல் விட்டது சரி என்றே சொல்வேன். டயருக்குப் பிடிமானம் இருப்பதும் ஓட்டுநருக்குக் கண் தெரிவதும் வேறு வேறு. 2014இல் ஜப்பானின் சுசுகா தளத்தில், புயல் நெருங்கிய மழை நாளில், தடம் விலகிய ஜூல் பியாங்கியின் கார் மீட்பு வாகனத்தில் மோதியது. மறு ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார். அந்த நாளுக்குப் பிறகு மழைப் பந்தயத்தை யாரும் பழைய கண்ணோடு பார்க்கவில்லை. தூவானத்தைக் குறைக்கச் சக்கரங்களுக்கு மட்கார்டு மாட்டியும் 2023இல் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. டயரை மூடினாலும் அடித்தளம் உறிஞ்சி வீசும் நீர் மிச்சமிருக்கிறதே.

இனி மேகத்துக்கு வருவோம். பந்தய நாளில் அணிகள் நம்புவது ரேடாரை. அது அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பி வருவதை வைத்து மழையின் கனத்தைக் கணிக்கிறார்கள். துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் வலு 64 மடங்காகிவிடும். ஆகவே பெருந்துளிகள் கொண்ட மேகம் திரையில் பளிச்சென்று தெரியும். பொடித்தூறல் கண்ணில் படாமல் நழுவிவிடலாம். தரையை நனைக்க அந்தப் பொடித்தூறல் போதும். தவிர, ரேடார் பார்ப்பது மேலே இருக்கும் துளிகளை. அவை கீழே வருவதற்குள் ஆவியாகிவிடவும் கூடும். அடுத்த பத்து, பதினைந்து நிமிடத்துக்கு, மேகம் நகரும் திசையையும் வேகத்தையும் நீட்டிப் பார்த்தால் கணிப்பு நன்றாகவே பலிக்கும். அதற்கு மேல் போனால் சிரமம். வெப்பத்தில் கிளம்பும் இடிமேகம் ஒன்றின் ஆயுளே அரை மணி, ஒரு மணி நேரம்தான்; திரையில் இல்லாத மேகம் தளத்தின் தலைக்கு மேலேயே பிறந்துவிடலாம். ஸ்பா தளம் 7 கி.மீ. நீளம், மலைக்காட்டுக்குள் ஏறி இறங்குவது. அங்கே ஒரு முனையில் கொட்டும்போது மறுமுனை காய்ந்து கிடப்பதைப் பல முறை பார்த்தாயிற்று. ஒரே சுற்றுக்குள் இரண்டு வானிலை. காரில் இருப்பதோ ஒரு ஜோடி முடிவு: மாற்றுவதா, பொறுப்பதா?

டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் போய் வர ஏறத்தாழ 20 வினாடி செலவாகும் என்று வைத்துக்கொண்டால், ஈரத்தில் ஸ்லிக்கோடு சுற்றுக்கு 4 வினாடி இழப்பவர் ஐந்து சுற்று தாங்கினால் கணக்கு நேராகிவிடும். மழை அதற்குள் நின்றுவிடும் என்றால் பொறுப்பதே லாபம். ஆனால் ஸ்லிக் ஒரு தரம் ஆறிப்போனால் பிடிமானம் படிப்படியாகக் குறையாது, சட்டென்று கைவிடும். 2021இல் ரஷ்யாவின் சோச்சியில் முதலிடத்தில் இருந்த லாண்டோ நோரிஸ், கடைசிச் சுற்றுகளில் தூறியபோது ஸ்லிக்கோடு பொறுத்தார். லூயிஸ் ஹாமில்டன் அணியின் பேச்சைக் கேட்டு இன்டர்மீடியட்டுக்கு மாறினார். மழை வலுத்தது. நோரிஸ் வழுக்கி ஏழாவது இடத்துக்குப் போனார். ஹாமில்டனுக்கு அது 100-ஆவது வெற்றி. முந்திக்கொள்வதும் ஆபத்துதான். 2009இல் மலேசியாவின் செப்பாங்கில், மழை வரப்போகிறது என்று நம்பி ஃபெராரி அணி கிமி ரைக்கோனனுக்கு வெட் டயரை மாட்டியனுப்பியது. தரை காய்ந்திருந்தது. மழை வருவதற்குள் டயர் வெந்து வீணாகிவிட்டது. பிறகு பெய்த மழையோ பந்தயத்தையே நிறுத்தியது. அணியின் கணிப்பில் தவறு சில நிமிடங்கள்தான்.

யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று சனிக்கிழமை தீர்மானிக்கும் தகுதிச் சுற்றுக்குப் பிறகு காரின் அமைப்பைப் பெரிதாக மாற்ற விதி இடம் தருவதில்லை. முன் இறக்கையின் கோணம் போன்ற சிறு திருத்தங்கள் செய்யலாம், அவ்வளவுதான். அதனால் சனிக்கிழமை காய்ந்தும் ஞாயிறு மழை என்றும் தெரிந்தால், காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் பெரிய இறக்கை வைத்துச் சனிக்கிழமை வேகத்தை விட்டுக்கொடுப்பதா என்று முன்னாடியே தீர்மானித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அணிகள் ரகசியமாகப் பேசிக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான்.

மழை நின்றபின் தரை காய்வதும் ஒரு பந்தயம். ஓடும் கார்களே தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளி, ஒரு கார் அகலத்துக்கு உலர்ந்த கோட்டை உண்டாக்குகின்றன. அந்தக் கோட்டில் இன்டர்மீடியட்டின் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மென்மையான ரப்பர்க் கட்டைகள் நெளிந்து நெளிந்து சூடேறி உரியத் தொடங்கும். அப்போது நேர்பாதையில் ஓட்டுநர்கள் வேண்டுமென்றே ஈரமான ஓரத்துக்குக் காரை ஒதுக்குவதைப் பார்க்கலாம். டயருக்கு ஒரு வாய் தண்ணீர் காட்டுகிறார்கள்.

ஹாமில்டன் இதை இரண்டு விதமாகவும் அனுபவித்தவர். 2007இல் ஷாங்காயில், தேய்ந்த இன்டர்மீடியட்டோடு அதிக நேரம் வெளியே இருந்து, டயரின் உள்நூல் தெரியும் நிலையில் பிட்டுக்குத் திரும்பும்போது ஜல்லியில் சிக்கி நின்றுபோனார். 2020இல் இஸ்தான்புல்லில், புதிதாகத் தார் போட்டு எண்ணெய் கசியும் ஈரத்தரையில், ஒரே செட் இன்டர்மீடியட்டோடு 50 சுற்று ஓட்டினார். அங்கே தரை ஸ்லிக்குக்கு ஏற்றதாகக் கடைசிவரை மாறவில்லை. டயரோ தேய்ந்து தேய்ந்து தானே ஸ்லிக்காகிவிட்டது. இறுதியில் மழை மறுபடி வரலாம் என்று அணி பிட்டுக்கு அழைக்கப் பார்த்தது, அவர் போகவில்லை. அன்று ஏழாவது உலகப் பட்டத்தோடு அவர் இறங்கிய காரில் இருந்த டயரில், பள்ளம் என்று சொல்லத்தக்க எதுவும் மிச்சமில்லை.