சீட்டைக் காட்டாதீர்கள்: அணு அவசர ஒத்திகையை எடைபோடும் முறை

அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அவசரகால ஒத்திகை நடந்தால் மறுநாள் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். சைரன் ஒலித்தது, பேருந்துகள் வந்தன, மக்கள் ஒத்துழைத்தார்கள், ஒத்திகை வெற்றி. இதைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அன்றைக்குக் கதிர்வீச்சே இல்லையே, பிறகு எதை அளந்து வெற்றி என்கிறார்கள்?” சரியான இடத்தில் கை வைத்த கேள்வி. இல்லாத ஒன்றை அளக்கவைத்து, அளந்தவர் ஒழுங்காக அளந்தாரா என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் சாரம். அதற்கென்று ஒரு நுட்பம் இருக்கிறது. அதற்கு வருமுன் அடிப்படைகளை வேகமாகக் கடந்துவிடுவோம்.

உலையின் எரிபொருள் உருகினால் செனான், கிரிப்டான் போன்ற மந்த வாயுக்கள் எளிதில் தப்பிவிடும். அயோடினும் சீசியமும், உலையைச் சூழ்ந்த காப்பு உறையில் கசிவு இருந்தால், அவற்றோடு சேர்ந்துகொள்ளும். இந்தக் கலவை காற்றின் போக்கில் முகிலாக நகரும். பெரிய உலைகளுக்கு 3 முதல் 5 கி.மீ. வரை ஒரு முன்னெச்சரிக்கை வளையமும், 15 முதல் 30 கி.மீ. வரை ஓர் அவசர நடவடிக்கை வளையமும் வேண்டும் என்பது பன்னாட்டு அணுசக்தி முகமையின் பரிந்துரை. அமெரிக்காவில் முகிலுக்கான திட்ட வளையம் 10 மைல், அதாவது சுமார் 16 கி.மீ. மக்களை உடனடியாகக் காக்கும் முக்கிய வழிகள் மூன்று: வெளியேற்றுவது, வீட்டுக்குள் கதவடைத்து இருக்கச் செய்வது, தைராய்டைக் காக்க அயோடின் மாத்திரை கொடுப்பது.

இப்போது கடிகாரத்தைப் பார்ப்போம். காற்று விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொண்டால், முகில் 10 கி.மீ. தொலைவை எட்ட ஏறக்குறைய 55 நிமிடம். அமெரிக்க விதிகளின்படி, அறிகுறிகள் தெரிந்ததும் அவசரநிலை எந்த வகை என்று அறிவிக்க நிலையத்துக்கு 15 நிமிடம். அறிவித்ததிலிருந்து மாநில, உள்ளூர் அதிகாரிகளுக்குச் செய்தி போய்ச்சேர இன்னொரு 15 நிமிடம். அதிகாரிகள் முடிவெடுத்த பிறகு சைரனும் முதல் அறிவிப்பும் மக்களைச் சென்றடையத் தொடங்க மேலும் 15 நிமிடம். ஆக 45 போய்விட்டது. யோசித்து முடிவெடுக்க அதிகாரிக்கு எஞ்சுவது பத்து நிமிடம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர, மாட்டை அவிழ்த்துவிட, வண்டியைக் கிளப்ப மக்களுக்கு ஆகும் நேரம் இந்தக் கணக்கிலேயே இல்லை.

அதனால்தான் உள் வளையத்தில் வெளிக் கதிர்வீச்சை அளந்து பார்த்து முடிவெடுக்கும் பேச்சே கூடாது. உலையின் நிலையை வைத்தே, எதுவும் வெளியேறும் முன்பே வெளியேற்றம் தொடங்க வேண்டும். ஒத்திகையில் “அளவீட்டுக் குழுவின் தகவல் வரட்டும்” என்று உள் வளையத்துக்கான உத்தரவை யாராவது நிறுத்திவைத்தால், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக நடந்திருந்தாலும் அது பெருங்குறை. அளவீடு உதவுவது வெளி வளையத்துக்கு: முகில் எந்தப் பக்கம் போகிறது, எந்தக் கிராமத்துக்கு உத்தரவை நீட்டுவது, எங்கே தளர்த்துவது என்பதற்கு.

இந்த அளவீட்டுக் குழுவைச் சோதிக்கும் முறையில்தான் நான் மேலே சொன்ன நுட்பம் இருக்கிறது.

குழு என்பது பெரும்பாலும் ஒரு வண்டி, இரண்டு பேர், கதிர்வீச்சை அளக்கும் ஒரு சர்வே மீட்டர், ஒரு காற்று மாதிரி பம்பு. அவர்களோடு கட்டுப்பாட்டாளர் ஒருவர் பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அவர் மடியில் அட்டவணைச் சீட்டுகள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், மீட்டர் என்ன காட்டும் என்று ஒத்திகைக்கு முன்பே கணக்கிட்டு வைத்த எண்கள் அதில் இருக்கும். அவர் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்றே: எண்ணைச் சம்பாதித்தால் மட்டும் கொடு. குழு வண்டியை நிறுத்தி, மீட்டரை இயக்கி, சரியான அளவு வரம்பில் வைத்து, சரியான உயரத்தில் பிடித்து, “என்ன காட்டுகிறது?” என்று கேட்டால்தான் அந்த எண். மீட்டரை அணைத்து வைத்திருந்தால் “பூச்சியம்.” வரம்பு தவறாக இருந்தால் “முள் கடைசியில் முட்டி நிற்கிறது.” அதற்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது.

ஒரே இடத்துக்குச் சீட்டில் நான்கு எண்கள் இருப்பது ஏன் என்பது இன்னும் சுவையானது. இந்த மீட்டர்களில் ஒரு சிறு சன்னல் உண்டு. மூடியிருந்தால் காமா மட்டும் உள்ளே போகும். திறந்தால் பீட்டாவும் போகும். காமா கதிர் காற்றில் நூறு மீட்டருக்கு மேலும் பயணிக்கும். பீட்டா சில மீட்டரிலேயே அடங்கிவிடும். இந்த வேறுபாடு ஒன்றை வைத்தே முகில் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இடுப்பு உயரத்தில் சன்னலைத் திறந்தும் மூடியும் பார்க்கிறீர்கள். இரண்டும் ஒரே எண் என்றால் முகில் தலைக்கு மேலே உயரத்தில் போகிறது: காமா இறங்கி வருகிறது, பீட்டாவால் வர முடியவில்லை. திறந்த எண் கூடுதலாக இருந்தால் நீங்கள் முகிலுக்குள்ளேயே நிற்கிறீர்கள். பிறகு தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் அதையே திரும்பச் செய்யுங்கள். அங்கே திறந்த எண் இடுப்பு உயரத்தைவிடத் தெளிவாக எகிறினால் தரையில் படிவு விழுந்திருக்கிறது. முகில் கடந்துபோயும் இருக்கலாம். நான்கு எண்களிலிருந்து மூன்று வேறு நிலைமைகள் பிரிகின்றன. தலைக்கு மேல் போகும் முகிலில் மூச்சுவழி ஆபத்து இல்லை. முகிலுக்குள் நிற்பவருக்கு உண்டு. அயோடின் மாத்திரை வேண்டுமா என்ற முடிவே இதனால் மாறுகிறது.

குழு சன்னலைத் திறக்கவே மறந்தால் கட்டுப்பாட்டாளர் இரண்டு எண்களை மட்டும்தான் தர வேண்டும். மீதி இரண்டு சீட்டிலேயே கிடக்கட்டும். ஒத்திகைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். நல்ல மனதோடு, “சன்னல் திறந்திருந்தால் என்ன வரும் தெரியுமா?” என்று எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். குழு உடனே தலையாட்டி, சரியான தகவலை அனுப்பும். அதிகாரிகள் இருக்கும் அவசரகால மையத்தில் சரியான முடிவு எடுக்கப்படும். அறிக்கையில் எல்லாம் பச்சை. உண்மையில் சோதிக்கப்பட்டது கட்டுப்பாட்டாளரின் கருணை. கட்டுப்பாட்டாளரும், குறைகளைக் குறித்து மதிப்பெண் போடும் மதிப்பீட்டாளரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். மதிப்பீட்டாளர் குழுவை மட்டுமல்ல, எடுத்துக்கொடுப்பவரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணோடு இடமும் உயரமும் சேர்ந்து போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நிஜ உதாரணமே இருக்கிறது. 1979 மார்ச் 30 அன்று, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து தொடங்கி மூன்றாம் நாள், மணிக்கு 1,200 மில்லிரெம் (மில்லிரெம் என்பது கதிர்வீச்சின் ஓர் அலகு) என்றொரு அளவீடு வந்தது. ஹெலிகாப்டர் ஒன்று வெளியேற்றுக் குழாய்க்கு நேர் மேலே எடுத்தது அது. அதே நேரம் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தில், ஒரு கற்பனை வெளியேற்றத்தை வைத்து, நிலைய எல்லையில் தரைமட்டத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அங்கும் விடை 1,200. இரண்டும் பொருந்திப்போனதால் கணக்கு மெய்யாகிவிட்டது என்று எண்ணி வெளியேற்றத்துக்குப் பரிந்துரை கிளம்பியது. அன்றே மாநில ஆளுநர் 5 மைலுக்குள் இருந்த கர்ப்பிணிகளையும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளையும் வெளியேற அறிவுறுத்தினார். அந்த நாட்களில் 15 மைல் சுற்றளவிலிருந்து தாமாகவே கிளம்பியவர்கள் ஏறக்குறைய 1,44,000 பேர். ‘எங்கே, எந்த உயரத்தில்’ என்ற இரண்டு சொற்களின் விலை அது. ஒத்திகையில் தகவல் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் மதிப்பீட்டாளர் விரல் வைத்துப் பார்ப்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. காற்றுத் திசைக் கட்டத்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள். வானிலைக்காரர் வடகிழக்கு என்றால் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது என்று பொருள்; முகில் போவது தென்மேற்கே. இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்து ஊர்களைக் கிளப்பும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

காற்று மாதிரி இன்னொரு கண்ணி. 10 கன அடி, அதாவது சுமார் 283 லிட்டர் காற்றை வடிதாள் வழியாகவும் அதற்குப் பின்னுள்ள குப்பி வழியாகவும் இழுக்க வேண்டும். நிமிடத்துக்கு 2 கன அடி ஓட்டத்தில் ஐந்து நிமிடம். குப்பியில் கரித்தூள் இருந்தால் அது செனானையும் பிடித்துவைத்துக்கொள்ளும். குப்பியின் கதிரியக்கத்தைக் கருவியால் எண்ணினால் அயோடின் ஏராளம் என்று பொய் சொல்லும். வெள்ளி ஏற்றிய சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் அயோடினைப் பிடித்துச் செனானைப் பெரும்பாலும் விட்டுவிடும், ஆனால் விலை அதிகம். பயிற்சிக்குக் கரி, நிஜத்துக்குச் சியோலைட் என்று வைத்திருப்பது தவறில்லை. பெட்டியைத் திறந்து, சியோலைட் குப்பி இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று மதிப்பீட்டாளர் கண்ணால் பார்க்க வேண்டும். மாதிரியை எடுத்த இடத்திலேயே எண்ணக் கூடாது. சுற்றுக் கதிர்வீச்சு அதை மூழ்கடித்துவிடும். முகிலை விட்டு வெளியே வந்து, பின்னணி குறைந்த இடத்தில் எண்ண வேண்டும். மாதிரியைப் போட்ட பையின் மேல் நேரம், இடம், இழுத்த கொள்ளளவு எழுதாவிட்டால் அது குப்பைதான்.

பொதுமக்கள் பக்கம் வருவோம். ஒத்திகையில் ஊர் முழுவதையும் வெளியேற்றுவது அரிது, தேவையும் இல்லை. சில பேருந்துகளை நிஜமாக ஓட்டி, ஓட்டுநருக்கு வழி தெரியுமா, கையில் கதிர்வீச்சு அளவி இருக்கிறதா, எந்த அளவு காட்டினால் தகவல் சொல்ல வேண்டும் என்று தெரியுமா என்று கேட்டால் போதும். கணக்கு பிசகுவது, வெளியேறி வருபவர்களின் உடலில் கதிரியக்க மாசு இருக்கிறதா என்று சோதிக்கும் வரவேற்பு மையத்தில். வளைய மக்கள்தொகையில் 20 சதவீதம் பேரை 12 மணி நேரத்தில் சோதிக்கும் திறன் வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். 50,000 பேர் என்றால் சோதிக்க வேண்டியவர்கள் 10,000, மணிக்கு 833. கைக்கருவியால் ஒருவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை சோதிக்க இரண்டு நிமிடம் என்றாலும், இடைவிடாமல் இயங்கும் 28 கருவிகளும் 28 பேரும் வேண்டும், மாற்று ஆள் தனி. அங்கே ஆறு பேரையாவது சோதிக்கச் சொல்லி, ஆகும் நேரத்தைக் குறித்துப் பெருக்கிப் பார்ப்பார்கள். நேரம் மிச்சம் பிடிக்கச் சோதிப்பவர் கருவியை விறுவிறுவென்று இழுத்தால் அந்தப் பெருக்கலே பொய். விநாடிக்கு 5 செ.மீ. தாண்டினால் மாசு தப்பிவிடலாம். கருவி முனை உடலைத் தொட்டால் முனையே மாசாகி, அடுத்தடுத்து வருபவர்கள் எல்லோரும் ‘மாசுபட்டவர்கள்’ ஆகிவிடுவார்கள்.

அறிவிப்பின் வாசகத்தையும் எடைபோட வேண்டும். அயோடின் மாத்திரையில் இருக்கும் பொட்டாசியம் அயோடைடு பெரியவர்களுக்கு 130 மி.கி., 3 முதல் 12 வயதுக்கு 65, ஒரு மாதம் முதல் 3 வயதுக்கு 32, பிறந்து ஒரு மாதத்துக்குள் 16. முகில் வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலிருந்து வந்த பின் 2 மணி நேரம் வரை உட்கொள்வதே சிறந்தது. 8 மணி நேரம் வரையிலும் ஓரளவு பயன் உண்டு. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் அந்த இடத்தை வதந்தி நிரப்பும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு விபத்தின்போது சீனாவில் மக்கள் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். 130 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 100 மி.கி. அயோடின். கிலோவுக்கு 30 மி.கி. அயோடின் உள்ள உப்பில் அதைப் பெற மூன்று கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். அயோடினுக்கு முன் உப்பு ஆளைக் கொன்றுவிடும். இப்படிப்பட்ட ஒரு வதந்தியையாவது நடுவில் புகுத்தி, தகவல் பிரிவு எத்தனை நிமிடத்தில் மறுக்கிறது என்று பார்க்காத ஒத்திகையை நான் பாதி ஒத்திகை என்பேன்.

இன்னொரு நோய், கதை முன்பே தெரிந்திருப்பது. காலை எட்டுக்குச் சிறு பழுது, பத்துக்கு நிலைய அவசரம், பதினொன்றரைக்குக் கதிரியக்க வெளியேற்றம், மதிய உணவுக்கு முன் முடிவு. பலமுறை கலந்துகொண்டவர்கள் அடுத்தது என்ன என்று தெரிந்து முன்கூட்டியே தயாராகிவிடுவார்கள். இதை உடைக்கவே அமெரிக்கா 2011 இல் விதியை மாற்றியது. எட்டு ஆண்டுச் சுழற்சிக்குள், வெளியேற்றமே நிகழாத அல்லது மிகக் குறைவாக நிகழும் கதை ஒன்று, தொடக்கத்திலேயே உயர்நிலை அவசரத்துக்குத் தாவும் கதை ஒன்று, நிலையத்தின் மீது தாக்குதல் நடக்கும் கதை ஒன்று இடம்பெற வேண்டும். வெளியேற்றம் வராத நாளில் குழுக்கள் பதறாமல் காத்திருக்கின்றனவா என்பதும் ஒரு தேர்வுதான்.

ஜப்பானில் 1999 டோகாய்முரா அணு எரிபொருள் ஆலை விபத்துக்குப் பிறகு ஒவ்வொரு நிலையத்துக்கும், அவசரத்தில் அதிகாரிகள் கூடி முடிவெடுக்க ஒரு வெளிமையம் கட்டி, ஆண்டுதோறும் ஒத்திகையும் நடத்தினார்கள். 2011 இல் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா தாய்ச்சி நிலையத்திலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி ஒகுமாவில் இருந்த மையம் நிலநடுக்கத்தில் மின்சாரமும் தொலைபேசியும் இழந்தது. கதிரியக்கத் துகளைத் தடுக்கும் காற்று வடிகட்டி அங்கே இல்லை. மார்ச் 15 அன்று அதைக் கைவிட்டு ஃபுகுஷிமா நகருக்குப் போக வேண்டியதாயிற்று. அருகிலிருந்த மருத்துவமனைகளின் முதிய நோயாளிகள் பலர், மருத்துவ வசதியற்ற நீண்ட பேருந்துப் பயணத்திலும் அதன் பின்னும் இறந்தார்கள். மையத்தின் மின்சாரத்தை அணைத்து ஒரே ஒரு ஒத்திகை நடத்தியிருந்தால் முதல் பாதியாவது முன்பே தெரிந்திருக்கும். படுக்கை நோயாளிகளை ‘வெளியேற்றியதாகக் கொள்க’ என்று படிவத்தில் டிக் அடிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இரண்டாம் பாதி சாட்சி.

மதிப்பெண்ணும் இதே கண்டிப்போடு இருக்க வேண்டும். மக்களைக் காக்க முடியாமல் போகக்கூடிய குறை அமெரிக்க நடைமுறையில் முதல்நிலைக் குறை. 120 நாளுக்குள் திருத்தி மீண்டும் செய்துகாட்ட வேண்டும். அடுத்த நிலைக் குறைகளுக்கு அடுத்த ஒத்திகை வரை அவகாசம். நிலையத்தின் தரப்பில் வகைப்படுத்தல், அறிவித்தல், பரிந்துரைத்தல் ஆகியவை சரியாகவும் நேரத்துக்கும் நடந்த விகிதம் எட்டுக் காலாண்டுகளின் கணக்கில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒழுங்குமுறை ஆணையத்தின் கவனிப்பு கூடும். 15 நிமிடக் கெடுவில் 14ஆ, 17ஆ என்பதே தீர்ப்பு என்னும்போது, காலையில் எல்லா மதிப்பீட்டாளர்களும் கடிகாரத்தை ஒன்றாகத் திருத்திக்கொள்ளாவிட்டால் மாலையில் மூன்று நிமிடத்துக்காக மூன்று மணி நேரம் வாக்குவாதம் நடக்கும்.

என் கருத்தைக் கேட்டால், புது அளவுக் கருவி வாங்கக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு மதிப்பீட்டாளர்களைப் பயிற்றுவிக்கவும், சைரன் கேட்டதும் மக்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று ஆராயவும் போக வேண்டும். நிலையத்தை நடத்துபவரின் சம்பளத்திலோ, ஒத்திகையை ஏற்பாடு செய்த அலுவலகத்தின் கீழோ இருப்பவர் மதிப்பீட்டாளராக வரக் கூடாது. முழு அறிக்கை, சென்ற முறை கண்ட குறைகள் இம்முறை திருத்தி மீண்டும் சோதிக்கப்பட்டனவா என்ற பட்டியலோடு, அந்த வளையத்து மக்களின் கைக்குப் போக வேண்டும். செய்தியில் ‘வெற்றி’ என்று வந்தால் வாசகர் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.